புகையிலிருந்து நீரை அனுமானித்தவர்கள்

மலையின்மேல் எழும் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று அனுமானிப்பது, தர்க்க சாஸ்திரம் பயிலத் தொடங்கும் மாணாக்கனுக்கு முதன்முதலில் சொல்லப்படும் உதாரணம். சென்ற நூற்றாண்டில் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டைச் சந்துகளிலும், மதுரையிலும் கோயமுத்தூரிலும், தகரக் கொட்டகைகளின் கீழும் மரத்தடிகளிலும் காக்கி உடுத்தி மோட்டார் வண்டிகளைப் பழுது பார்த்து வந்த ஒரு கூட்டத்தாரோ, அந்தச் சாஸ்திரத்தில் ஓர் எழுத்தும் படியாமலே, அதன் உதாரணத்தைத் தலைகீழாக்கி, புகையைக் கண்டு நீரை அனுமானிக்கும் வித்தையில் தேர்ந்திருந்தனர். பின்புறக் குழாயிலிருந்து வரும் புகை கறுத்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சி எரிகிறது. நீலம் பாய்ந்திருந்தால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. என்ஜின் நன்றாகச் சூடேறிய பின்பும், வெயில் ஏறிய பின்பும், வெண்புகை கலையாமல் திரண்டு வந்துகொண்டே இருந்தால், நெருப்பு எரிய வேண்டிய அறைக்குள் நீர் புகுந்துவிட்டது என்பது அவர்கள் முடிவு.

வண்டியின் சொந்தக்காரர் கொண்டு வரும் முறையீடு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர் நாளுக்கு நாள் குறைகிறது என்பது ஒன்று. என்ஜின் சீராக ஓடாமல் உதறுகிறது, இடையிடையே மிஸ்ஸிங் அடிக்கிறது என்பது மற்றொன்று. இவற்றை அவர் தனித்தனிக் குறைகளாகவே எண்ணுவார். பழகிய மெக்கானிக்கோ ஒன்றைக் கேட்டவுடன் மற்றதையும் விசாரிப்பார். ஏனெனில் சிலிண்டருக்குள் எரியும் நெருப்பையும் அதைச் சுற்றி ஓடும் நீரையும் பிரித்து நிற்பவை ஒரு வார்ப்பிரும்புச் சுவரும், அதன் தலைமாட்டில் செம்புத் தகட்டையும் கல்நாரையும் சேர்த்து அழுத்திய ஒரு கேஸ்கட்டுமே என்பதும், அந்த மெல்லிய எல்லை ஓரிடத்தில் அழிந்தால் நீரின் குறைவும் நெருப்பின் தடுமாற்றமும் ஒரே காரணத்தின் இரு காரியங்களாகிவிடும் என்பதும் அவர் அநுபவத்தில் கண்டவை. இந்த அனுமான வித்தை மோட்டார் வண்டியோடு கூடப் பிறந்ததன்று. வண்டியைச் செய்தவர்கள் நீரைக் கண்ணுக்கு மறைத்து மேலும் மேலும் இறுக்கமாக அடைத்துக்கொண்டே வந்தார்கள். அவர்கள் மறைக்க மறைக்க, அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் தொழிலும் வளர்ந்துகொண்டே வந்தது.

பெட்ரோல் என்ஜினில் பிறக்கும் உஷ்ணத்தில் மூன்றில் ஒரு பங்கேனும் வேலையாக மாறினால் அது நல்ல என்ஜின். ஏறக்குறைய அதே அளவு புகைக்குழாய் வழியே வீணாகிறது. எஞ்சியதைச் சுவர்களிலிருந்து வாங்கிக் காற்றில் கொண்டுபோய்க் கொட்டுவது நீரின் பொறுப்பு. எரியும் வாயுவின் உஷ்ணம் கண நேரம் 2,000 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுகிறது. அதை அடக்கி நிற்கும் வார்ப்பிரும்போ அதற்கு வெகு கீழேயே உருகிவிடக் கூடியது. ஆதலால் நீர் தன் கடமையில் சில நிமிஷங்கள் தவறினாலும் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும், தலைப்பாகம் கோணிப்போகும்.

1886-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் தேதி காப்புரிமைக்கு மனுச் செய்த கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டியில் இந்தக் கடமை மிக எளிய முறையில் நிறைவேற்றப்பட்டது: நீர் கொதித்தது, ஆவியாகப் போயிற்று, போன நீருக்குப் புதுநீர் ஊற்றப்பட்டது. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்தா பென்ஸ், இரண்டு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியை ஓட்டிச் சென்ற பிரயாணம், நெடுந்தூர மோட்டார் பிரயாணங்களுள் முதலாவது என்று கொண்டாடப்படுகிறது. நம் விஷயத்துக்கு அது வேறொரு வகையிலும் முதலாவது. வழியில் நீர் கிடைத்த இடமெல்லாம் நிறுத்தி ஊற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அடைபட்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்தித் துப்புரவாக்கவும், தேய்ந்து வெளிப்பட்ட மின்கம்பியைக் காலுறைப் பட்டியால் சுற்றிக் காக்கவும் நேர்ந்தது. பிற்காலத்து மெக்கானிக்கிடம் வந்து சேர்ந்த குறைகளின் விதை யாவும் அந்த ஒரே நாளில் முளைத்துவிட்டன எனலாம். ஆயினும் நீர் எங்கே போயிற்று என்று ஆராய அன்று ஒருவரும் தேவைப்படவில்லை. அது ஆவியாக மேலெழுவது எல்லாருக்கும் பிரத்யக்ஷமாகத் தெரிந்தது.

நீரைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கும் எண்ணத்தை முழுமையாக்கியவர் வில்ஹெல்ம் மைபாக். 1900-ஆம் ஆண்டின் இறுதியில் உருவான 35 குதிரைச் சக்தி மெர்ஸிடிஸ் வண்டிக்காக அவர் செய்த ரேடியேட்டரில், ஆறு மில்லிமீட்டர் சதுரமுள்ள 8,070 சிறு குழாய்கள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டிருந்தன. அவற்றின் ஊடே காற்றும் இடைவெளிகளில் நீரும் ஓட, ஒன்பது லிட்டர் நீரே அவ்வளவு பெரிய என்ஜினுக்குப் போதுமானதாயிற்று. அதே சமயம், ஒழுகுவதற்கு ஆயிரக்கணக்கான ஈயப்பற்று மூட்டுகளும் அன்றே உலகத்தில் தோன்றின. 1908 முதல் 1927 வரையில் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டின் டி மாடலில், ஆரம்பத்தில் செய்த சில வண்டிகள் நீங்கலாக, நீரைத் தள்ளுவதற்குப் பம்பு கூடக் கிடையாது. சூடான நீர் இலேசாகி மேலே ஏறுவதும் குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்குவதுமான இயற்கையின் நியதியே சுழற்சிக்குப் போதும் என்று விடப்பட்டது. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் ரேடியேட்டர் மூடியின்மேல் போய்ஸ் மோட்டோமீட்டர் என்ற வெப்பமானி ஒன்று நின்றது. ஓட்டுபவர் தம் இருக்கையிலிருந்தே அதன் செந்நிறக் கோடு ஏறுவதைப் பார்த்துக்கொள்ளலாம். நீரின் நிலைமை அதுவரையில் வண்டியின் முகத்திலேயே எழுதியிருந்தது.

1930-களில் புகுந்து இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் பொதுவழக்கான அழுத்த மூடி இந்த நிலையை அடியோடு மாற்றியது. வீட்டுப் பிரஷர் குக்கர் எந்த விதியின்படி வேலை செய்கிறதோ அதே விதிதான் இங்கும்: மூடியின் வில்லுக்கு எதிராக நீரை அடைத்து வைத்தால், சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி சென்டிகிரேடுக்குச் சற்று அதிகமாக உயர்கிறது, ஏழு பவுண்டு மூடி போட்டால் நீர் 110 டிகிரி வரையில் கொதியாது. கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் மேலே இருக்கும் உதகமண்டலத்தில் திறந்த பாத்திரத்து நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிற உண்மையை எண்ணினால், மலைநாட்டு வண்டிகளுக்கு இந்த மூடி எவ்வளவு பெரிய உபகாரம் என்பது விளங்கும். ஆனால் உபகாரத்தோடு ஒரு சூக்ஷ்மமான சங்கடமும் வந்தது. அழுத்தம் ஏறியபோது மட்டும் வாய்திறந்து, அழுத்தம் தணிந்தவுடன் மூடிக்கொள்ளும் ஒழுக்குகள் பிறந்தன. ஓடும் வண்டியில் மெல்லிய துளை வழியே பீறிடும் வெந்நீர் தரையில் விழுமுன் ஆவியாகிவிடும். வண்டியை நிறுத்திக் குளிர்ந்த பிறகு பார்த்தால் ஈரம் இருக்காது, நீர் மட்டும் குறைந்திருக்கும். 1927-இல் அமெரிக்காவில் பிரெஸ்டோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த எத்திலீன் கிளைக்கால், உறைபனியைத் தடுத்துக் கொதிநிலையையும் உயர்த்தியது. எனினும், நீரைக் காட்டிலும் எளிதாக மூட்டுகளின் இடுக்குகளில் நுழைந்து வெளியேறும் குணமும் அதற்கு உண்டு.

சென்னையில் நீரும் நெருப்பும் சேர்ந்து வண்டி இழுத்த கதை பெட்ரோலுக்கு முன்பே தொடங்குகிறது. 1840-இல் குதிரை வண்டிகள் கட்டுவதற்காகத் தோன்றிய சிம்ப்ஸன் கம்பெனியைச் சேர்ந்த ஸாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் சமைத்தார். நீராவிக் கொதிகலனைக் கவனிப்பவனுக்கு நீர்மட்டம் ஒரு கண்ணாடிக் குழாயில் சதா தெரிந்துகொண்டிருக்கும். பின்னால் வந்த பெட்ரோல் வண்டி அந்தச் சலுகையை அளிக்கவில்லை. முதலில் செல்வந்தர்களின் கார்களை ஓட்டிய டிரைவர்களே அவற்றைப் பழுதும் பார்த்தனர். தொழில் தனித்த தொழிலாக வேரூன்றியது பஸ்களால்தான். மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் நிறுவிய டி.வி.எஸ். ஸ்தாபனமும், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டுத் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடுவும் இருந்த தென்னாட்டில், குறித்த நேரத்துக்குப் புறப்பட்டுக் குறித்த நேரத்துக்குச் சேர வேண்டும் என்ற நிர்ப்பந்தம், வண்டி நின்றபின் பழுது பார்ப்பதைவிட நிற்குமுன் குறையை அறிவதே லாபம் என்ற பாடத்தைப் பட்டறைகளுக்குக் கற்பித்தது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோல் பங்கீடு வந்தபோது இந்தப் பாடம் இன்னும் கடுமையாயிற்று. பஸ்ஸோடு ஓர் உலையை இணைத்து, மரக்கரியை அரைகுறையாக எரித்து, பிறக்கும் வாயுவை வடிகட்டி என்ஜினுக்கு ஊட்டும் கரிவாயு யந்திரங்களை டி.வி.எஸ். ஸ்தாபனத்தார் செய்து கொடுத்தனர். மக்கள் அவற்றைக் கரி பஸ் என்றனர். கரிவாயுவின் சக்தி குறைவு. அதில் கலந்து வரும் தூசும் தாரும் வால்வுகளில் படிந்து அடைத்துவிடும். காற்றும் வாயுவும் கலக்கும் விகிதம் சாலையின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி மாற வேண்டும். சீராக ஓடுவதே அபூர்வமான என்ஜின்களோடு பல ஆண்டுகள் போராடிய தொழிலாளர்கள், ஓட்டத்தின் ஒலியிலேயே கலவையின் தன்மையையும் அழுத்தத்தின் குறைவையும் பிரித்தறியும் செவியைப் பெற்றனர்.

சுதந்திரத்துக்குப் பின் நேர்ந்த ஒரு மாறுதல், இந்த மனிதர்களின் ஞானத்துக்கு எதிர்பாராத ஆயுளைக் கொடுத்தது. 1953-இல் டாரிஃப் கமிஷன் செய்த சிபாரிசின்படி, இந்நாட்டிலேயே பாகங்களைச் செய்யத் திட்டமில்லாத அந்நிய கம்பெனிகள் வண்டி பூட்டும் தொழிலை விட்டு வெளியேறின. பிறகு சுமார் முப்பது ஆண்டுகள் நம் சாலைகளில் ஆட்சி செய்தவை, வங்காளத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 முதல் செய்த அம்பாஸடர், பம்பாய் குர்லாவிலிருந்து வந்த ஃபியட், சென்னைக்கருகே 1961 முதல் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆகிய மூன்றே எனலாம். இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பெயரில் பிறந்த அம்பாஸடரில் பிற்பாடு பொருத்திய 1,489 கன சென்டிமீட்டர் என்ஜின், மிகச் சிறிய மாறுதல்களோடு பல பத்தாண்டுகள் நீடித்தது. புது வண்டிக்குப் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள், கிடைத்த வண்டியை இருபது முப்பது வருஷம் வைத்து ஓட்டின. ஒருவன் பதினெட்டு வயதில் கற்ற அறிவு அவன் ஓய்வு பெறும் வரையில் பழமையாகாமல் இருந்தது, வேறெந்த நாட்டுத் தொழிலாளிக்கும் எளிதில் வாய்த்திராத பேறு. 1949-இல் குரோம்பேட்டையில் தோன்றிய எம்.ஐ.டி. கல்லூரி மோட்டார் பொறியியலைப் பாடமாக வைத்தது. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொழிற்பயிற்சி நிலையங்களை ஏற்படுத்தியது. என்றாலும் பெரும்பாலோர் கற்றது, பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, மூத்தவர் கழற்றியதைப் பார்த்தும், அவரிடம் அடிபட்டும்தான்.

நம் தேசத்து நீரும் பழக்கமும் அந்த வண்டிகளுக்குத் தனி வியாதிகளைத் தந்தன. மேனாட்டார் கிளைக்கால் கலந்து ஊற்றிய இடத்தில் நம்மவர் கிணற்றுநீரையும் குழாய்நீரையுமே ஊற்றினர். கடின நீரிலுள்ள சுண்ணாம்பு கொதிக்கும்போது படிந்து, மெல்லிய ரேடியேட்டர் குழாய்களை அடைத்தது. துருவை அடக்கும் மருந்து எதுவும் இல்லாமையால் வார்ப்பிரும்பு உள்ளிருந்து அரித்தது. வார்ப்பின்போது விட்ட துவாரங்களை மூடியிருக்கும் தகட்டு வில்லைகள் ஓட்டையாயின. இதனால் ரேடியேட்டர் வேலை செய்பவர் என்ற உபதொழிலாளர் ஒருவர் தோன்றினார். மேல்தொட்டியின் ஈயப்பற்றை உருக்கிப் பிரித்து, மெல்லிய கம்பியைக் குழாய் குழாயாக நுழைத்துச் சுண்ணாம்பைத் தள்ளி, மீண்டும் பற்றவைத்து, நீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்துத் தருவது அவர் பணி. இன்னொரு வழக்கமும் பரவியது. நீர் சூடாகும் வரையில் அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை, வெப்ப நாட்டுக்கு அது வேண்டாத பொருள் என்று கருதி, பல பட்டறைகளில் கழற்றி எறிந்துவிட்டனர். என்ஜின் கொதிக்கும் பயம் குறைந்தது உண்மையே. உரிய சூட்டை அடையாமலே ஓடியதால் பெட்ரோல் அதிகம் செலவாயிற்று, எண்ணெயில் ஈரம் சேர்ந்தது, சிலிண்டர் விரைவில் தேய்ந்தது என்பவையும் உண்மையே.

கோடை வந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதை இந்த வண்டிகளுக்குப் பரீட்சைக் களம். பர்லியாறு போன்ற இடங்களில் முன்மூடியைத் திறந்து வைத்து ஆவி அடங்கக் காத்திருக்கும் கார்களின் வரிசையைக் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கேதான் அநுபவசாலியும் புதியவரும் வேறுபட்டனர். புதியவர் அவசரப்பட்டு மூடியைத் திருகி முகத்தில் வெந்நீரை வாங்கிக்கொள்வார். அல்லது கொதிக்கும் இரும்பின்மேல் குளிர்ந்த சுனைநீரைக் கொட்டிச் சிலிண்டர் தலையில் விரிசல் விழச் செய்வார். அநுபவசாலி வெகுநேரம் பொறுத்து, துணியைப் போர்த்தி மூடியைக் கால் சுற்று மாத்திரம் திருப்பி அழுத்தத்தை வெளியேற்றி, என்ஜினை மெதுவாக ஓடவிட்டபடி சிறிது சிறிதாக நீர் வார்ப்பார். கோடையில் நீர் சரியாக இருந்தும் வண்டி இருமி இருமி நின்றுவிடுவதுண்டு. பெட்ரோல் பம்பிலும் குழாயிலும் எரிபொருள் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வதே அதற்குக் காரணம். ஈரத்துணியைப் பம்பின்மேல் போர்த்திச் சற்று நேரத்தில் புறப்பட்டுவிடும் சிகிச்சை, டிரைவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இனி, தேர்ந்த மெக்கானிக் குறையைத் தேடிய முறையைப் பார்ப்போம். அவர் வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுப் போகச் சொல்வார். காரணம், குளிர்ந்த என்ஜின் சொல்லும் சாட்சியம் சூடேறிய பின் அழிந்துபோகும். வண்டிக்கடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்து, காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறதென்று பார்ப்பார். முன்புறத்தில் என்றால் ரேடியேட்டரோ அதன் கீழ்ஹோஸோ. விசிறியின் நேர்கீழே என்றால் வாட்டர் பம்பு. பம்பின் உள்சீல் தேய்ந்தால் நீர் வெளிவருவதற்கென்றே அதன் கழுத்தடியில் ஒரு சிறு துவாரம் விடப்பட்டிருக்கிறது. கப்பியைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் காட்டும். ஈரம் காய்ந்துபோன இடங்களில் வெண்மையாகவோ துரு நிறமாகவோ ஓடிய கோடுகளை விளக்கு வைத்துத் தேடுவார். ஹோஸின் கிளிப்பு குளிர்ந்த வேளையில் மட்டும் கசிந்து, சூட்டில் ரப்பர் விரிந்ததும் அடைத்துக்கொள்வதுண்டு. என்ஜினுக்கும் டிரைவர் முன்னுள்ள தகட்டுச் சுவருக்கும் இடையே மறைந்திருக்கும் பின்புற வில்லையைக் கைவிரலால் தடவித்தான் அறிய முடியும்.

வெளியே ஒன்றும் அகப்படாமல் நீர் குறைந்தால் விசாரணை உள்ளே திரும்பும். எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்து, மட்டம் ஏறியிருக்கிறதா, எண்ணெய் வெளிறிய குழம்பாகியிருக்கிறதா என்று காண்பார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று நோக்குவார். ஃபேன் பெல்ட்டைக் கழற்றி விசிறியையும் பம்பையும் ஓய வைத்து, நீரை விளிம்பு வரை நிரப்பி, என்ஜினைச் சிறிது நேரம் ஓட்டுவார். நீரில் இடைவிடாது குமிழிகள் எழுந்தால் எரிந்த வாயு நீர்வழிக்குள் கசிகிறதென்று பொருள். பெல்ட்டைக் கழற்றாமலே அறிய வேண்டுமானால், குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி ஒரு நிமிஷத்துக்குள் மேல்ஹோஸை அழுத்திப் பார்ப்பார். நீர் இன்னும் சூடேறாதபோதே ஹோஸ் விறைத்துவிட்டால், அந்த அழுத்தம் ஆவியால் வந்ததாக இருக்க முடியாது.

உதறலைத் தேடும் வழி வேறு. மரக்கைப்பிடியுள்ள ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொரு பிளக்கின் முனையையும் என்ஜின் உடலோடு இணைத்து, அந்தப் பொறியை வேண்டுமென்றே தடுப்பார். நல்ல சிலிண்டரைத் தடுத்தால் ஓட்டம் மேலும் தளரும்; எதைத் தடுத்தும் ஓட்டத்தில் மாறுதல் இல்லையோ அந்தச் சிலிண்டர் முன்பே செத்திருக்கிறது. அதற்கு மூன்று காரணங்களே இருக்கக் கூடும்: பொறி இல்லை, கலவை சரியில்லை, அல்லது அழுத்தம் இல்லை. சந்தேகத்துக்குரிய பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்ப்பார். பிளக் போன இடத்துக்குக் குறையும் கூடவே போனால் பிளக்கே குற்றவாளி, குறை இருந்த இடத்திலேயே இருந்தால் அது நிரபராதி. தர்க்கிகள் அன்வயம், வியதிரேகம் என்று பெயரிட்டு வளர்த்த நியாயம், எண்ணெய்க் கறை படிந்த கைகளில் இவ்வாறு நாள்தோறும் பிரயோகமாயிற்று. பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயிண்ட் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பாகம் அளவில் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் பார்ப்பார். பாயிண்ட் கரிந்து குழி விழுந்திருந்தால் கண்டென்சரைச் சந்தேகிப்பார். மழைநாளில் மட்டும் வரும் குறையானால் மூடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடுவார். கடைசியில் மானிஃபோல்டு மூட்டில் சில துளி எண்ணெய் விட்டுப் பார்ப்பார். ஓட்டம் திருந்தினால், காற்று அங்கே திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்து கலவையை நீர்க்கச் செய்துகொண்டிருந்தது வெளிப்படும்.

இரண்டு விசாரணைகளும் ஒன்றுகூடும் இடம், கழற்றி வரிசையாக வைத்த நான்கு பிளக்குகள். கறுத்துப் பொடி படிந்தது மிகு பெட்ரோலையும், ஈரமாய்க் கறுத்தது எண்ணெயையும், வெளுத்தது மெலிந்த கலவையையும் காட்டும். மூன்று பழுப்பேறியிருக்க, நாலாவது மட்டும் கழுவித் துடைத்தது போல் சுத்தமாக இருந்தால், அந்த அறைக்குள் நீர் சென்று ஆவியாகி அதைக் கழுவுகிறது. காலையில் கிளப்பியவுடன் ஒரு நிமிஷம் மட்டும் உதறிப் பிறகு சீராகிவிடும் வண்டியும் இதையே சொல்கிறது. இரவில், அடைபட்ட அழுத்தம் நீரைக் கேஸ்கட்டின் விரிசல் வழியே சிலிண்டருக்குள் மெல்லத் தள்ளியிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் அழுத்தம் சேர்ந்தாற்போல் குறைந்திருந்தால், அவற்றின் இடையே கேஸ்கட் எரிந்துபோயிருக்கிறது. அப்போதுதான் அவர் சொந்தக்காரரை அழைத்து, “சார், வண்டி தண்ணியை உள்ளேயே குடிக்குது; ஹெட்டைக் கழற்றணும்” என்பார்.

எனினும் தர்க்கத்தில் ஹேத்வாபாஸம் உண்டு. காரணம் போல் தோன்றிக் காரணமல்லாதது அது. குளிர்காலக் காலையில் எழும் வெண்புகை, குழாயில் தங்கிய பனி ஈரமாக மட்டும் இருக்கலாம். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் படியும் வெண்குழம்பு, தினமும் அரை மைல் மட்டும் ஓடிச் சூடேறாமலே நிற்கும் வண்டியில் இயல்பாகவே தோன்றும். இவற்றை நம்பி நல்ல ஹெட்டைக் கழற்றியவர்கள் பலர். இரண்டு மூன்று சாட்சியங்கள் ஒத்தாலன்றி ஸ்பானரைத் தொடாமலிருந்ததே பெரிய மெக்கானிக்கின் லக்ஷணம். பெரிய கம்பெனிப் பட்டறைகளில் இதற்குக் கருவிகள் வந்திருந்தன: குளிர்ந்த ரேடியேட்டரில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, ஓடாத வண்டியிலேயே ஒழுக்கை வரவழைக்கும் சாதனம், சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் மானி, ரேடியேட்டர் வாயிலிருந்து எழும் ஆவியை ஊடே செலுத்தினால், அதில் சிலிண்டரிலிருந்து கசிந்த கரியமில வாயு கலந்திருக்கையில் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் திரவம். தெருவோரத்தவருக்கு இவை எட்டவில்லை. நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டே அவர் காலம் தள்ளினார்.

சிகிச்சையில் நல்லதும் தீயதும் கலந்திருந்தன. கோணிய ஹெட்டைச் சட்டம் வைத்துப் பார்த்து, யந்திரத்தில் கொடுத்துச் சமமாகச் சீவி, புதுக் கேஸ்கட் வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுற்றுச் சுற்றாக முறுக்கி, வண்டி சில நூறு மைல் ஓடிய பின் மறுபடியும் முறுக்கியவர்களின் வேலை ஆண்டுக்கணக்கில் நின்றது. ரேடியேட்டரில் மஞ்சள்தூளைக் கொட்டி ஒழுக்கை அடைத்தவர்களின் வேலை ஊர் போய்ச் சேர உதவியது. ஆனால் ஓட்டையை அடைத்த தூள் நல்ல குழாய்களையும் அடைத்தது என்பது அடுத்த கோடையில் தெரிந்தது. பழைய கேஸ்கட்டைச் சுரண்டியபோது பறந்த கல்நார்த் தூசியின் கொடுமையை அறியாமல் அதை மூச்சோடு இழுத்தவர்கள் எத்தனை பேரோ, அதற்குக் கணக்கு வைத்தவர் ஒருவருமில்லை.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800, இந்த உலகத்தின் ஒழுங்கைக் கலைத்தது. மூன்று சிலிண்டர், அலுமினிய ஹெட், மின்விசிறி, நீர் பெருகிச் சேர்ந்து திரும்பும் தனிக் குப்பி ஆகிய அனைத்தும் பழைய கைகளுக்குப் புதியவை. அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் இருமடங்கு விரிவதால், ஒரு தடவை கொதித்தாலே ஹெட் கோணியது; கொதித்தால் நீர் ஊற்றிக்கொண்டு போகலாம் என்ற அம்பாஸடர் காலத்துத் தைரியம் அங்கே பெரும் செலவில் முடிந்தது. தேசம் இதற்குள் பாகங்கள் செய்வதிலும் வெகுதூரம் வந்திருந்தது: ஒரு காலத்தில் இறக்குமதிப் பொருளாயிருந்த ரேடியேட்டர் மூடியை, 1990-களில் சென்னையின் சுந்தரம் ஃபாஸனர்ஸ் கம்பெனி அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே செய்து அனுப்பியது. பாயிண்டும் கண்டென்சரும் மறைந்தன, கார்புரேட்டர் மறைந்தது, அமெரிக்காவில் 1996 முதலும் இந்தியாவில் 2010-க்குப் பிறகு படிப்படியாகவும், தன் குறையைத் தானே பதிவு செய்து சங்கேத எண்ணாகச் சொல்லும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. அம்பாஸடரின் உற்பத்தி 2014-இல் நின்றது.

பி-0301 என்ற எண் கருவியில் தோன்றினால் முதல் சிலிண்டர் எரியத் தவறுகிறது என்று பொருள். மரக்கைப்பிடி ஸ்குரூ டிரைவர் செய்த வேலையை அது ஒரு கணத்தில் செய்துவிடுகிறது. ஆனால் அந்தத் தவறு பிளக்கினாலா, எரிபொருள் ஊசியினாலா, கேஸ்கட் வழியே வந்த நீரினாலா என்று அது சொல்வதில்லை. எண்ணைக் கண்டவுடன் பாகத்தை மாற்றுகிறவர், குறை தீராதபோது அடுத்த பாகத்தை மாற்றுகிறார். சொந்தக்காரர் அதற்கும் பணம் தருகிறார். எண்ணுக்குப் பின்னும் குப்பியில் நீர் குறைகிறதா என்று கேட்கிறவர் இன்றும் உண்டு. அவரே பழைய பரம்பரையின் வாரிசு. மின்சார வண்டிகள் வந்தால் இந்தக் கதை முடிந்துவிடும் என்று நினைப்பதும் சரியன்று. நெருப்பு எரியாத அந்த வண்டிகளிலும் பாட்டரிகளைக் குளிர்விக்கக் கிளைக்கால் கலந்த நீர் மூடிய வழிகளில் ஓடுகிறது. அது உள்ளே கசிந்தால் தொடக்கத்தில் புகையும் வராது, உதறலும் வராது, மின்காப்பு மாத்திரம் மெல்லக் கெடும். நீர் இவ்வளவு ஆழமாக ஒருபோதும் மறைந்ததில்லை. ஆகவே அதைத் தேடும் தொழில் ஒழியப்போவதில்லை. பழைய அடையாளங்களுக்குப் பதிலாக எவற்றை நம்புவது, எவற்றைச் சந்தேகிப்பது என்று முதலிலிருந்து கற்கும் ஒரு தலைமுறைக்காக அது காத்திருக்கிறது.